கம்பியைப் பிடித்த உன் கைகள்

தர்ஷினிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மெல்பேணில் இருந்து போன் எடுத்துக் கதைத்தபோது சொன்ன ஒரு வசனம் என்னை ஐந்து நாளாக ஒழுங்காகச் சாப்பிட விடவில்லை. மாயாவை ஜிம்னாஸ்டிக் பள்ளியில் தெரிவு செய்திருக்கிறார்கள், போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளோடு சேர்த்துக் கிழமைக்கு நாலு நாள் பழக்கப் போகிறார்கள், மாதம் முடிவதற்குள் தாய் தகப்பன் சம்மதம் சொல்ல வேண்டுமாம் என்றாய். எனக்கு வாயெல்லாம் பல். "பிறகென்ன பிள்ளை, உடனை ஓம் எண்டு சொல்லன்!" என்று கத்தினேன்.  நீ மெல்ல, "இல்லை அப்பா. அவளுக்கும் என்ர கைதான். நடுவிலை விட்டிடும். நான் வேண்டாம் எண்டுதான் சொல்லப் போறன்" என்றாய். நான் றிசீவரை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கள்ளனைப் போல பல்கனியில் போய் நின்றேன்.

நீ வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னர் உனக்கு இரண்டு விஷயம் எழுத வேண்டும். ஒன்று, அந்த விளையாட்டைத் தாய் தகப்பன் இருக்கிற வாங்கில் இருந்து எப்படிப் பார்ப்பது என்பது. நீ செய்தவள். உனக்குச் செய்யத் தெரியும், பார்க்கத் தெரியாது. ஐந்து வருடமாக வாங்கில் இருந்து பார்த்தவன் நான். இனி அந்த வாங்கு உன்னுடையது. மற்றது உன் கையைப் பற்றியது. பதினெட்டு வருடமாக நான் உனக்குச் சொல்லாதது. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதுக்குத் தாவாதே. உன் அவசரப் புத்தி எனக்குத் தெரியும், அது என் பக்கத்தில் இருந்து வந்ததுதான். இதைத் தொலைபேசியில் சொல்ல மூன்று தரம் இலக்கத்தை அமத்தினேன். மூன்று தரமும் மணி அடிக்க முதல் வைத்துவிட்டேன்.

நீ எட்டு வயதில் பள்ளிக்கூட கேற்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஷிராணி மிஸ் வீடு தேடி வந்ததில் இருந்து தொடங்குகிறது இது. சிங்களப் பிள்ளை, அப்போது முப்பது வயதுகூட இராது. வத்தளையில் இருந்து பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்து, ஒரு பழைய மண்டபத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக் பழக்கிக்கொண்டிருந்தா. வெள்ளவத்தையில் இருந்து அங்கே போக வேண்டுமென்றால் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும், அது சண்டைக் காலம், வழியில் எத்தனை ஆமிச் செக்கிங். அம்மா, "பொம்பிளைப் பிள்ளையைக் குரங்கு மாதிரித் தொங்க விட்டு என்ன காணப் போறியள்?" என்று கேட்டாள். நானும் அதையேதான் நினைத்தேன். ஆனால் அம்மா முந்திச் சொல்லிவிட்டாளே. அவள் சொன்னதற்கு ஓம் என்றால் என் மதிப்பு என்னாவது? அந்த ஒரு வீம்பில்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய தூரநோக்கு ஒன்றும் இல்லை.

மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மர வாங்கு. நான் பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பேன். அப்பா பேப்பர் வாசிக்கிறார் என்று நீ நினைத்தாய். ஒரு பக்கத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேல் விளிம்பால் உன்னைப் பார்ப்பதே என் வேலை. வீடு வந்த பிறகுதான் அன்றைக்கு என்ன செய்தி என்று அம்மாவிடம் கேட்டு அறிவேன்.

பெண்களுக்கு நாலு சாதனம், நாலும் நாலு குணம். முதலாவது வோல்ட், அதாவது ஓடி வந்து பாய்வது. அந்த நாளில் குறுக்கே வைத்த குதிரை என்று ஒரு நீட்டுச் சாமான், இப்போது அதை மேசை மாதிரி அகலமாக்கிவிட்டார்களாம். இருபத்தைந்து மீற்றர் ஓடி, ஸ்பிரிங் பலகையில் இரண்டு காலாலும் மிதித்து, கையை ஊன்றி, காற்றில் ஏதோ செய்து, அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும். எல்லாமே கண்ணைச் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். புதிதாகப் பார்க்கிறவன் காலையும் தலையையும் பார்ப்பான். நீ மாயாவின் கை குதிரையைத் தொட்டு விடுகிற அந்தக் கணத்தைப் பார். கை எவ்வளவு சுருக்காக விடுகிறதோ அவ்வளவு உயரம் போவாள். நீ முதன்முதல் சரியாகப் பாய்ந்த நாளில் நான் என்னை அறியாமல் எழும்பி நின்றேன். பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன், "அங்கிள், உக்காருங்க, மறைக்குது" என்றார். அசையாமல் நிற்கிற ஒரு மரச் சாமானை நோக்கி, என் வயிற்றில் பிறந்த... சரி, அம்மாவின் வயிற்றில் பிறந்த ஒரு நாலடிப் பிள்ளை முழுவேகத்தில் ஓடுகிறதே, இதற்கு என்ன நெஞ்சு வேண்டும் என்று அன்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பீம் என்பது மேலே ஏறி நடக்கிற ஒரு ஒடுங்கிய கட்டை. அதன் அகலம் பத்து சென்ரிமீற்றர். ஐந்து மீற்றர் நீளம், உயரம் என் நெஞ்சுக்குக் கிட்ட. நான் கந்தோரில் கட்டடப் படம் வரைந்தவன், பத்து சென்ரிமீற்றர் என்றால் எவ்வளவு என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் நீ ரியூசனுக்குப் போன நேரம், ஹோலில் கதிரைகளைத் தள்ளிவிட்டு, சீமெந்து நிலத்தில் வெண்கட்டியால் பத்து சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு இழுத்தேன். சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் நடந்தேன். நிலத்தில்தான். ஏழாவது அடியில் வெளியே போனேன். திரும்புவதென்பது நடக்கவே நடக்காத காரியம். அம்மா தேத்தண்ணியோடு வந்தவள், அந்தக் கோட்டின் மேலேயே நேராக நடந்து வந்து கோப்பையை என் கையில் தந்துவிட்டு, "என்ன, பாண்டி விளையாடுறியளோ?" என்று கேட்டாள். நீ அதே அகலப் பீமின் மேல் பின்பக்கமாகக் குத்துக்கரணம் போட்டாய். கண் தெரியாமல், பின்னுக்கு, காற்றில். மாயா பீமில் ஏறும்போது நீ காலைப் பார்க்காதே, நெஞ்சு வெடிக்கும். அவளின் கண்ணைப் பார். பீமின் கடைசி முனையை விட்டு அந்தக் கண் அசையாமல் இருந்தால் அவள் விழ மாட்டாள். இது புத்தகத்தில் படித்தது இல்லை, உன் முகத்தில் படித்தது.

நிலப் பயிற்சி என்பது பன்னிரண்டு மீற்றர் சதுரத்தில், ஒன்றரை நிமிடத்துக்குள், பாட்டு வரி இல்லாத வாத்திய இசைக்கு ஆடுவதும் பாய்வதும். கோட்டுக்கு வெளியே கால் வைத்தால் புள்ளி போகும். இதைப் பார்க்க ஒன்றும் படிக்கத் தேவையில்லை, எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு நாள் நீ பதினொரு வயதில், வேறு பள்ளிக்கூடங்களும் வந்திருந்த போட்டியில் ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கசெட் பாட்டு இழுபட்டு நின்றது. சனம் "அட" என்றது. நீ நிற்கவில்லை. மிச்சப் பாட்டை உனக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஆடினாய். உன் பாதம் நிலத்தில் படுகிற சத்தமும் நீ மூச்செடுக்கிற சத்தமும் மட்டும்தான் கேட்டது. வெளியே எங்கேயோ ஜெனரேற்றர் தொடங்கியது, அதைக்கூட நான் ஏசினேன். நீ முடித்து இரண்டு கையையும் தூக்கி நடுவருக்குக் காட்டிய பிறகுதான் கரண்ட் வந்து, கசெட்டும் தன் பாட்டுக்கு மீண்டும் பாடத் தொடங்கியது. மண்டபம் முழுக்கச் சிரித்துக் கை தட்டியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் சோறு தின்கிற, பாத்திரம் கழுவச் சொன்னால் முகம் சுழிக்கிற இந்தப் பிள்ளை யார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நாளில் பத்துக்குத்தான் புள்ளி. இப்போது செய்கிறதின் கடினத்துக்கு ஒரு கணக்கு, செய்கிற சுத்தத்துக்குப் பத்தில் இருந்து கழிக்கிற இன்னொரு கணக்கு, இரண்டையும் கூட்டுவார்களாம். உனக்கு வேண்டியது இதுதான்: இறங்கும்போது ஒரு சின்ன அடி வைத்தால் பத்தில் ஒன்று போகும். முழங்கால் மடிந்தால் போகும். விழுந்தால் அப்போது அரைப் புள்ளி, இப்போது முழுப் புள்ளி. உடுப்புக்கும் கழிப்பார்கள், அதை என்னைவிட நன்றாக அறிந்தவன் இல்லை. உன் முதல் போட்டிக்கு அந்தக் கால் தெரிகிற உடுப்போடு போகக் கூடாது என்று நான் அடம்பிடித்து, உள்ளுக்குக் கறுப்புக் காற்சட்டை போட வைத்தேன். நீ அழுதாய். நடுவர் அம்மா உன்னைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னா. நீ என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பா ஏசுவார்" என்று சொல்லிக் கழற்றாமலே செய்து, புள்ளியை இழந்தாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அன்று ஒரு சந்தர்ப்பம் இருந்தது. பஸ்ஸில் உனக்கு ஜூஸ் பக்கற் வாங்கித் தந்ததோடு சரி. இப்போது கேட்கிறேன்.

இனிக் கம்பி. பெண்களுக்கு இரண்டு கம்பி, ஒன்று பதிந்தது, ஒன்று உயர்ந்தது. போட்டியில் இது வோல்டுக்கு அடுத்தது. நான் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். கம்பியில் பார்க்க வேண்டியது, உடம்பு தலைகீழாக நேரே நிமிர்கிற இடம். கந்தோரில் நேர்கோடு இழுக்கிற என் டி-ஸ்குவேரை வைத்துப் பார்த்தாலும் பிசகாத கோடு சில தரம் உன் உடம்பில் வந்தது. அங்கிருந்து முழு வட்டமாகக் கீழே விழுந்து திரும்ப மேலே வருவதற்குப் பெயர் ஜயன்ற். அப்போது உடம்பின் பாரம் முழுவதும், அதற்கு மேலும் எத்தனையோ மடங்கு, பத்து விரலில் தொங்குகிறது. அதனால்தான் கையில் மக்னீசியத் தூள் பூசுகிறீர்கள். வியர்வையை உறிஞ்சி, கம்பியைக் கையோடு ஒட்ட வைக்கிற தூள். இது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் நினைத்தது, அது ஒரு பவுடர், முகத்துக்குப் பூசுகிற மாதிரி, வழுவழுப்பாக இருக்கத்தான் என்று. ஐந்து வருடம் பேப்பர் விளிம்பால் பார்த்தவனுக்கு இந்த ஒன்று விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவன் கேட்க மாட்டான்.

அந்தத் தூள் இலகுவில் கிடைக்காத காலம். ஷிராணி மிஸ் யாரிடமோ சொல்லி வெளிநாட்டில் இருந்து எடுப்பித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் பொலித்தீன் பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தருவா. நீ அதை ஒரு துணிப் பைக்குள் வைத்திருப்பாய். உனக்குப் பதின்மூன்று வயது, பெரிய போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும். செக்கிங்கில் எங்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், அந்த நாளில் சந்தேகப்பட அதுவே போதும். பிறகு உன் பையைத் திறந்தால் பெயர் ஒன்றும் ஒட்டாத வெள்ளைத் தூள். "மே மொகத்த?" என்று கேட்டான் அந்த ஆமிப் பெடியன். இது என்ன என்று என்னைக் கேட்டால் எனக்குத் தமிழிலேயே அதன் பெயர் தெரியாது, சிங்களத்தில் எப்படிச் சொல்வேன்? "ஜிம்னாஸ்டிக், ஜிம்னாஸ்டிக்" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். என்னை உள்ளே காவலறை வாங்கில் இருத்தினார்கள். உன்னை வெளியே வெயிலில் நிற்க விட்டார்கள். நாலு மணித்தியாலம். நீ அழவில்லை, நான் உன்னைக் கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ தெரிந்தவர் போன் போட்டு, ஷிராணி மிஸ் ஓட்டோவில் ஓடி வந்தா. தூளில் விரலைத் தொட்டுத் தன் நாக்கில் வைத்துக் காட்டி, சிங்களத்தில் சத்தம் போட்டு எங்களை மீட்டுக்கொண்டு போனா. அதோடு நிற்காமல் பள்ளிக்கூடத் தாளில் ஒரு கடிதமும் எழுதி, முத்திரை குத்தி என் கையில் தந்தா. "இனி இத காட்டுங்க அங்கிள், பிரச்சினை வராது."

போட்டி நாள் விடிய எங்கள் ஒழுங்கையில் ஆமிச் சுற்றிவளைப்பு. வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வர இன்னும் இரண்டு வீடு. எனக்கு அந்த நாலு மணித்தியாலம் நினைவுக்கு வந்தது, வெயிலில் நின்ற நீ நினைவுக்கு வந்தாய். கடிதம் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. ஆனால் வருகிறவன் அதை வாசிப்பானா, வாசித்தாலும் நம்புவானா? உன் துணிப் பையை எடுத்துக் கொண்டுபோய், மிஸ் தந்த தூள் முழுவதையும் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். வந்தார்கள், வீட்டாரின் பொலிஸ் பதிவுத் தாளைப் பார்த்தார்கள், ஆட்களை எண்ணினார்கள், போனார்கள். உன் பையைத் திறக்கவே இல்லை.

பிறகுதான் யோசனை வந்தது. தூள் இல்லாமல் நீ என்ன செய்வாய்? காலிவீதிக்கு ஓடினேன். ஒரு சாமான் கடையில் கெரம் போட் விளையாடுகிற தூள் இருந்தது. அதே வெள்ளை, மணமும் இல்லை. எல்லாவற்றையும்விட அழகு என்னவென்றால், தகர டப்பா, மூன்று மொழியிலும் பெயர் அச்சடித்து, சீல் உடைக்காமல். எந்தச் செக்கிங்கில் திறந்தாலும் ஒருவரும் ஒரு கேள்வி கேட்க ஏலாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். டப்பாவைக் காட்டினேன், போ என்றார்கள். மண்டபத்தில் நீ உடுப்பு மாற்றப் போன நேரம், உனக்குத் தெரியாமல் அதை உன் துணிப் பைக்குள் கொட்டினேன். தெரிந்தால் நீ வேண்டாம் என்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஒளித்தேன். இதை எழுத எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது தெரியுமா?

நாங்கள் பிந்திப் போனோம், கம்பியில் பழகிப் பார்க்க நேரம் இல்லை. உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ பைக்குள் கையை விட்டாய். என் பக்கம் திரும்பி, "அப்பா, தூள் வேறை மாதிரிக் கிடக்கு" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவு. "அது புதுச் சாமான், நல்லது. பூசு" என்றேன். நீ பூசினாய். அப்பா சொன்னால் பூசுகிற பிள்ளை நீ.

பதிந்த கம்பியில் இருந்து உயர்ந்த கம்பிக்குப் போனாய். தலைகீழாக நிமிர்ந்தாய். ஒரு ஜயன்ற், முழு வட்டம். இரண்டாவது, அதைவிட அழகு. மூன்றாவதில் கீழே வரும்போது உன் இரண்டு கையும் கம்பியில் இருந்து வழுக்கிக் கழன்றன. நீ தூரப் போய் இடது கையில் விழுந்தாய். அந்தச் சத்தத்தை நான் சொல்லப் போவதில்லை.

கம்பியில் இருந்து விழுந்தால் திரும்ப ஏற முப்பது விநாடி தருவார்கள். நீ எழும்பி, உன் உள்ளங்கையைப் பார்த்தாய். ஷிராணி மிஸ் ஓடி வந்து துணிப் பையை நீட்டினா. நீ தலையை ஆட்டி வேண்டாம் என்றாய். குனிந்து இரண்டு கையையும் மெத்தையில் போட்டு உரஞ்சினாய், தொடையில் துடைத்தாய், வெறுங்கையோடு பாய்ந்து கம்பியைப் பிடித்தாய். விட்ட இடத்தில் இருந்து தொடங்கி முடித்தாய். இறங்கி நின்றாய், ஒரு அடிகூட வைக்கவில்லை. நடுவருக்குக் கையைத் தூக்கிக் காட்டும்போது இடது கை பாதி வழியில் நின்றுவிட்டது. மணிக்கட்டில் வெடிப்பு என்று எக்ஸ்றேயில் பிறகு காட்டினார்கள். வெடித்த கையோடு செய்த அந்தக் கடைசி அரை நிமிடத்தைப் போல ஒன்றை நான் என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு புல்லரிக்கிறது.

உன் கைக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்த நேரம் மிஸ் அந்தத் துணிப் பையோடு என்னிடம் வந்தா. நீ ஏன் தூளை வேண்டாம் என்றாய் என்று அவவுக்கு யோசனை. பைக்குள் விரலை விட்டு, பெருவிரலோடு உரசிப் பார்த்தா. என்னை நிமிர்ந்து பார்த்தா.

"அங்கிள், இது கெரம் பவுடர். யார் போட்டது?"

நான் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். என்னை ஏசுவா, அடித்தாலும் அடிப்பா என்று நினைத்தேன். அவவின் கண் கலங்கியது.

"கட்டை வழுக்கிட்டு ஓடத்தான் இத போடுறது அங்கிள். இத பூசிட்டு எனக்கு அரை ரவுண்ட் ஏலாது. ஒருத்தருக்கும் ஏலாது. இந்தப் புள்ள ரெண்டு முழு ரவுண்ட் எப்பிடிப் பிடிச்சா?" என்று கேட்டா. பிறகு, "நான் சொல்ல மாட்டன். நீங்களே அவக்குச் சொல்லுங்க" என்றா.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீ என் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்பா, என்ர கை விட்டிட்டுது" என்றாய். அதுதான் நேரம். வாயைத் திறந்தேன். "பரவாயில்லை பிள்ளை, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று சொன்னேன். தூளை மாற்றியது பயத்தில் செய்த பிழை, விளக்கமில்லாத பிழை. அதற்கு நான் என்னை ஓரளவு மன்னித்துவிடுவேன். இந்த ஒரு வசனத்துக்கு மன்னிப்பு இல்லை. அன்றில் இருந்து நீ உன் கையை நம்பவில்லை. மாவுக்கட்டைக் கழற்றிய பிறகும் கம்பிப் பக்கம் போகவில்லை. நான் போ என்று சொல்லவும் இல்லை, நீ போனால் என்றைக்காவது தெரிய வந்துவிடும் என்ற பயம். மாயா பிறந்த நேரம் உன்னோடு வந்து நின்ற அம்மா திரும்பி வந்து சொன்னாள், நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க மாட்டாயாம், மருமகன் வேலையால் வரும்வரை மேலேயே வைத்துக்கொண்டு இருப்பாயாம். "ஏனெண்டு கேட்டால், என்ர கையை நம்ப ஏலாது எண்டு சொல்லுறாள். என்ன விசர்க் கதை!" என்றாள் அம்மா. நான் அப்போதும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஷிராணி மிஸ்ஸை இந்தப் பதினெட்டு வருடத்தில் நாலு ஐந்து தரம் வழியில் கண்டிருப்பேன். சுகம் கேட்க முதல், "சொன்னீங்களா?" என்று கேட்பா. "இல்லை மிஸ்." "அப்ப எப்ப?" அவ்வளவுதான், போய்விடுவா. அம்மாவிடமும் நேற்றுத்தான் சொன்னேன். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். "இஞ்சருங்கோ, இவ்வளவு காலமும் இதை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டோ என்ர கையாலை சோறு திண்டனீங்கள்?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. இன்று காலை மட்டும் இந்தத் தாளையும் பேனையையும் கொண்டுவந்து மேசையில் அடித்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆகவே கேள், பிள்ளை. உன் கை விடவில்லை. வழுக்குவதற்கென்றே செய்த தூளைப் பூசிவிட்ட பிறகும் அந்தக் கை இரண்டு முழு வட்டம் பிடித்தது. பிடிக்க முடியாததைப் பிடித்தது. அதற்குப் பிறகு உன் தலைக்கு விளங்காததை உன் கை விளங்கிக்கொண்டு, அந்தப் பையை வேண்டாம் என்று தள்ளியது. வெடித்த எலும்போடு திரும்பவும் போய்ப் பிடித்தது. நீ இவ்வளவு காலம் பயந்துகொண்டிருக்கிற கை அதுதான். மாயாவுக்கு உன் கை வந்திருக்கிறது என்றால், அந்தப் பள்ளிக்காரருக்கு அவர்கள் யாரைத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று இன்னும் தெரியாது.

இந்தக் கடிதத்தை மருமகனுக்கும் காட்டு. மாயா தமிழ் வாசிக்கப் பழகியதும் அவளுக்கும் காட்டு, தாத்தா ஒரு மடையன் என்று அவள் அறிந்துகொள்ளட்டும். யாருக்கும் மறைக்க இனி என்னிடம் ஒன்றும் இல்லை. நீ என்னோடு கோபிப்பாய், அது எனக்குத் தெரியும். ஒரு மாதம் போன் எடுக்காமல் இருப்பாய், ஒரு வருடம்கூட இருப்பாய். எனக்கு அறுபத்தைந்து வயது, நாடும் இருக்கிற நிலையில் ஒரு வருடம் என்பது எனக்குப் பெரிய காலம். ஆனாலும் இரு. ஞாயிற்றுக்கிழமைகளில் மணி அடிக்காவிட்டால் ஏனென்று நான் அம்மாவைக் கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மாதம் முடிவதற்குள் முதலில் அந்தப் பள்ளிக்குப் போன் எடுத்து ஓம் என்று சொல்லு. சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு என்னோடு கோபிக்கத் தொடங்கு.

அப்பா